துவக்கு பார்த்த திசை

கழுதைக்கு 'நீங்கள்' போட்டுப் பேசிய ஒரேயொரு மனுஷியை நான் கீரிக் கிராமத்தில்தான் கண்டேன். மன்னார்த் தீவில் கழுதைகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுக்கு மரியாதை கிடைத்த இடம் மாமியின் மேற்கு யன்னல் ஒன்றுதான். எங்கிருந்தோ வந்த ஒரு கழுதை அந்த யன்னலுக்குள் தலையை நீட்டி, அறையின் மறு அந்தத்தில் மேசைமேல் கிடந்த துவக்கின் வாயை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றது. மாமி தேத்தண்ணிக் கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தார். எழுந்து, சுவரோடு சுவராக ஒட்டி யன்னலடிக்கு நடந்தார்.

"ராசா, அங்காலை போங்கோ. அதிலை நிக்கக் கூடாது. கேட்டியளோ?"

கழுதை கேட்டது. வீட்டில் என் சொல்லுக்குக் கிடைக்கும் மதிப்போடு பார்த்தால், மிக விரைவாகவே கேட்டது. மாமி திரும்பி வந்து கோப்பையை எடுத்தார். கோப்பை தட்டில் பட்டுக் கிடுகிடுத்தது. சிரிப்பதற்கென்று திறந்த வாயை நான் அந்தச் சத்தத்தைக் கேட்டு மூடிக்கொண்டேன்.

மாமி என்றால் எனக்கு உறவில்லை; கீரி முழுக்க அவரை அப்படித்தான் கூப்பிட்டது. பிள்ளைகள் இல்லை. கணவர் இரண்டாம் உலக யுத்த காலத்தில் பட்டாளத்தின் சாமான் களஞ்சியத்தில் வேலை பார்த்தவர். அதனால் ஊருக்கு அவர் ஸ்டோர் மாஸ்டர். நான் அவர்கள் வீட்டு வாசலை மிதித்தபோது அவர் செத்துப் பல வருஷம். ஆனாலும் கோயில் திருநாளில் மாதா சுரூபம் தூக்கும்போது, "முன்னுக்கு ஸ்டோர் மாஸ்டர்தான் தோள் குடுப்பார், தங்கமான மனுசன்" என்று யாராவது சொல்லாமல் சுரூபம் நகராது. தங்கமான மனுசன் என்பது ஏதோ கவர்ன்மெந்து கொடுத்த பட்டம் போல அவருடைய பேரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

சுதந்திரம் கிடைத்த கையோடு ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரை அவருக்கு விட்டுப்போனதுதான் மேசைமேல் கிடந்த அந்த ரைபிள். நானாட்டானில் அவர்களுக்கு வயல் இருந்தது. வயலில் பன்றி இருந்தது. ஆகவே அரசாங்கக் கச்சேரியில் லைசன்சும் கிடைத்தது. அவருக்குப் பிறகு லைசன்ஸ் மாமியின் பேருக்கு மாறியது. பன்றிகளுக்கு அதனால் ஒரு கஷ்டமும் வரவில்லை.

நான் அங்கே போகத் தொடங்கியதற்குக் காரணம் அந்த ரைபிள்தான். என்னைத் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். நான் தபால் கந்தோரில் முத்திரை குத்துகிற ஆள். என் ஆயுளில் நான் சுட்ட ஒரே துவக்கு மடுத் திருவிழாக் கடையில் பலூன் சுடுகிற துவக்கு. பலூன் தப்பியது, கடைக்காரர் தப்பவில்லை. ஆனால் ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரருக்கு வந்துகொண்டேயிருந்த ஆங்கிலச் சஞ்சிகைகள் சிலவற்றை, திருப்பி அனுப்ப முன்பு முகவரியைச் சரிபார்க்கிற சாட்டில் முதல் பக்கம் தொடக்கம் கடைசிப் பக்கம்வரை சரிபார்த்திருந்தேன். பட்டாள ரைபிள்களைப் பற்றி அவற்றில் வந்த எல்லாம் எனக்குப் பாடம். நீந்தத் தெரியாதவன் கப்பல் படம் சேர்ப்பது போல.

இன்னொரு பைத்தியம் சாலி நானா. எருக்கலம்பிட்டி முஸ்லிம், மன்னார் டவுனில் இரும்புக் கடை. ரைபிள் பற்றி யார் என்ன சொன்னாலும் திருத்தாமல் விடமாட்டார், பாதிரியார் பிரசங்கத்தில் 'துப்பாக்கி' என்று சொன்னதைக் கேள்விப்பட்டு, "எந்த வகை எண்டு சொன்னவரோ?" என்று என்னிடம் கேட்டவர். ஞாயிறுகளில் நான் இரண்டாம் பூசை முடிந்து வர, அவர் தன் பழைய மோட்டார் வானில் வந்து இறங்குவார். மற்றவர்கள் ரேடியோவுக்கு முன்னால் குந்தியிருப்பது போல நாங்கள் இருவரும் அந்த நீள மேசைக்குப் பக்கத்தில் குந்தியிருப்போம்.

எப்படிச் சொல்வது? வாய்வரைக்கும் மரம் போர்த்திய ரைபிள் அது. இந்தக் காலத்து வேட்டைக்காரர் பாரம் குறைக்கவென்று முன்மரத்தை அறுத்தெறிந்து, குழாயை நிர்வாணமாக விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தவனுக்குச் சொர்க்கத்தில் இடமில்லை என்பது நானாவின் முடிவு. அந்த விஷயத்தில் இரண்டு வேதமும் ஒத்துப்போகும் என்று நான் சொல்வேன். இது முழு உடுப்போடு இருந்தது. அடிக்கட்டையில் பித்தளைத் தகடு. தகட்டில் ஒரு சின்னக் கதவு. கதவுக்குள்ளே எண்ணெய்ச் சிமிழும் துடைக்கிற கயிறும். எங்கோ ஒரு சிப்பாயின் கன்னம் பட்டுப்பட்டு மரத்தில் ஓரிடம் மட்டும் கறுத்து மினுங்கியது. மாமி அந்த மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசித் தேய்க்கும்போது, பிள்ளைக்குக் காய்ச்சலில் நெஞ்சு தடவுகிற தாய் மாதிரி இருக்கும். எங்களையும் பூச விடுவார். தகட்டைத் திறக்கலாம், சிமிழை மணந்து பார்க்கலாம், குறி பார்க்கிற குறிக்காயைத் தடவலாம்.

குண்டு போடத் திறக்கிற போல்ட்டை மட்டும் தொடக்கூடாது.

"அதிலை கை வையாதையுங்கோ தம்பி."

"ஒருக்காத் திறந்து உள்ளுக்குப் பாத்தால்தானே மாமி, குழாய் துருப்பிடிச்சிருக்கோ எண்டு…"

"பிடிச்சால் பிடிக்கட்டும்."

இன்னொரு சட்டமும் இருந்தது: அதன் வாய்க்கு நேரே ஒரு உயிரும் இருக்கக் கூடாது. முதல்நாள் இது தெரியாமல் யன்னலடிக் கதிரையில் நான் சப்பாணி கொட்டி உட்கார்ந்துவிட்டேன். மாமி பின்னால் வந்து, கதிரையை என்னோடு சேர்த்து இழுத்தார். அந்தச் சின்ன உடம்பில் அத்தனை பலம் எங்கே இருந்ததோ. "அது பாக்குது தம்பி," என்றார். "இஞ்சாலை இருங்கோ." மேற்கு யன்னலை அவர் பூட்டியதேயில்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மழை உள்ளே அடித்து, நிலம் குளமாகி, தவளை வந்து குடியிருந்தாலும் திறந்தேயிருக்கும். யன்னலுக்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் கடல். அந்த நேரில் வள்ளம் கட்டாமலிருக்கக் கரைவலைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். அவர்களும் கட்டுவதில்லை. ஏன் என்று கேட்டால், "மாமி சொன்னவ" என்பார்கள். பிறகு கடலைப் பார்ப்பார்கள்.

இவையெல்லாம் வயதானவர்களின் வழமையான கூத்து என்று விட்டுவிடலாம். விட முடியாதது வேறொன்று. பேசிக்கொண்டிருக்கும்போது, மீன் விலையோ கல்யாணப் பேச்சோ, மாமி திடீரென்று நடுவசனத்தில் நிற்பார். கையை உயர்த்துவார். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். மேசைப் பக்கம் காதைச் சரித்து எதையோ கேட்பார். பிறகு, "இல்லை," என்பார். விட்ட இடத்திலிருந்து மீன் விலையைத் தொடர்வார்.

எதைக் கேட்கிறார் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

அதைக் கேட்க வைத்தது என் சீதனக் காணி. பிலோமினாவைக் கட்டியபோது மாமனார் எனக்குக் கொடுத்தது மாமியின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு துண்டு மணல். ஓலைச்சுருளைப் போல ஒடுங்கிய காணி. எப்படிக் கோடு கீறினாலும் குசினி மாமியின் மேற்கு யன்னலுக்கு நேரேதான் வந்து நின்றது. அத்திவாரம் வெட்டப்போகிற செய்தியை நான் பெருமையோடு சொன்ன ஞாயிறு மாமியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"அதிலை வீடு கட்டக் கூடாது தம்பி."

"ஏன் மாமி?"

"உள்ளுக்கை ஒண்டு இருக்கு."

நானா எழுந்துவிட்டார். "உள்ளுக்கை எண்டா? குண்டோ?"

மாமி முந்தானையால் கைகளைத் துடைத்தார். கையில் ஈரம் இருக்கவில்லை. "அவர் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தவர். குண்டு கிடந்தது தெரியேல்லையாம். கை தவறிப்போச்சு. டிக் எண்டுது. வெடிக்கேல்லை. ஒருக்கா. ஒருக்காத்தான். அதுக்குப் பிறகு 'தொடாதை, பொறுத்து வெடிக்கும்' எண்டு சொல்லி, உதிலை கொண்டுவந்து வைச்சவர். அடுத்த கிழமை நானாட்டானிலை பாம்பு கடிச்சுச் செத்துப்போனார்."

"டிக் எண்டேக்கை அது எங்கை பாத்துக்கொண்டிருந்தது?" என்று கேட்டார் நானா. இப்படிப்பட்ட விபரங்களை அவரால் விட முடியாது.

"நான் தேத்தண்ணி கொண்டு வந்தனான்," என்றார் மாமி. "தேத்தண்ணியைப் பாத்தது."

பிறகு நானா தொண்டையைச் செருமிக்கொண்டு சாஸ்திரம் சொல்லத் தொடங்கினார். பட்டாளத்தில் அதற்கொரு முறை உண்டு. ஊசி விழுந்தும் குண்டு வெடிக்காவிட்டால் உடனே திறக்கக் கூடாது. மருந்து உள்ளே கணகணத்துக்கொண்டிருக்கலாம். வாயை ஆளில்லாத பக்கம் பிடித்துக்கொண்டு பொறுக்க வேண்டும்.

"அதைத்தான் நானும் செய்யிறன்," என்றார் மாமி. "பொறுத்துக்கொண்டிருக்கிறன்."

"மாமி, பொறுக்கிறதெண்டா அரை நிமிசம்! அதுக்குப் பிறகு அது செத்த குண்டு."

"செத்ததெண்டு ஆர் பாத்தது?"

நானா என்னைப் பார்த்தார். "நீங்கள் திறவுங்கோவன் நானா," என்றேன். "உமக்குத்தானே காணி, நீர் திறவும்," என்றார். இரண்டு நிபுணர்களும் போல்ட்டின் குமிழைப் பார்த்தபடி இருந்தோம். படித்தது முழுவதும் தலையில் இருந்தது. கை மட்டும் மடியில் இருந்தது.

"அப்ப வேறை பக்கம் திருப்பி வையுங்கோவன்," என்றேன்.

"எங்கை?"

"கிழக்காலை."

"அதிலை பள்ளிக்கூடம்."

"தெற்காலை?"

"கோயில். மாதாவைப் பாத்தோ வைக்கச் சொல்லுறீங்கள்?"

"வடக்கை சேவியர் வீடு," என்று நானே சொல்லிக்கொண்டேன். "சரி, மேலை பாக்க நிமித்தி வைச்சால்?"

மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மேலை அவர் இருக்கிறார் எண்டு எல்லாரும் சொல்லுகினம்," என்றார்.

வீட்டைக் கட்டாமலிருக்க எனக்கு வேறு காணி இல்லை. மருமகனை வாடகை வீட்டில் இருக்கவிட மாமனாரின் மானம் இடம் கொடுக்கவில்லை. கட்டினோம். குசினிச் சுவரைக் கொஞ்சம் தடிப்பாகப் போடச் சொன்னேன். மேசன் ஏன் என்று கேட்டதற்குக் கடற்காற்று என்றேன். பிலோவிடம் எல்லாவற்றையும் பெரிய பகிடியாகச் சொன்னேன். அவளும் சிரித்தாள். அப்போது அவளுக்கு வயிற்றில் பிள்ளை ஆறாம் மாதம். சில நாட்களில் பார்க்கிறேன், அடுப்படியில் அவள் குனிந்தே நடக்கிறாள். தேங்காய் துருவுகிறவள் திருவலையை மூலைக்குத் தள்ளியிருக்கிறாள். இன்னும் சில நாளில் நானும் தண்ணி குடிக்கப் போகும்போது குனிகிறேன் என்று கண்டுபிடித்தேன். யாராவது வெளியிலிருந்து பார்த்திருந்தால் அந்த வீட்டில் இரண்டு நண்டுகள் குடியிருக்கின்றன என்று நினைத்திருப்பார்கள்.

"தொட்டில் எங்கை கட்டுறது?" என்று ஒருநாள் காலை பிலோ கேட்டாள்.

அவள் நேரே மாமியிடம் போனாள். நானும் பின்னால் போனேன். வழமைபோல, மிகவும் பின்னால்.

"மாமி, அதைத் திறந்து குண்டை எடுங்கோ. நீங்கள் எடுக்காட்டில் நான் பொலிசுக்குச் சொல்லுவன். அவங்கள் வந்து திறக்கட்டும்."

மாமி அன்று பயந்த பயத்தை நான் கண்டேன். குண்டுக்கு அப்படிப் பயந்து நான் அவரைக் கண்டதில்லை. பிலோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பொலிசு வேண்டாம் பிள்ளை. திறக்க வேண்டாம். உமக்கும் பிள்ளைக்கும் ஒண்டும் வராது, நான் ஒரு ஒழுங்கு செய்யிறன். என்னை நம்பும்."

அன்று பின்னேரமே கரைவலைக்காரர் நாலு பேர் வந்து மாமியின் படுக்கையறையிலிருந்த பெரிய பழைய கட்டிலைத் தூக்கிவந்து, துவக்குக்கும் யன்னலுக்கும் நடுவில் போட்டார்கள். உயரம் காணாதென்று மெத்தைக்குமேல் மெத்தை போட்டார் மாமி. ஏறிப் படுத்துப் பார்த்தார். துவக்கின் வாய் அவருடைய நெஞ்சுக்கு நேரே, ஒரு கை நீட்டும் தூரத்தில் இருந்தது. எந்த உயிரையும் அதன் நேரில் விடாத மனுஷி, தலையணையைத் தட்டிச் சரிசெய்தபடி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இனி என்னைத் தாண்டித்தானே உங்களிட்டை வரோணும்."

வெளியே வந்ததும் நானா என் காதுக்குள் சொன்னார்: "தம்பி, அந்தக் குண்டு ஒரு ஆளைத் தாண்டி, ஒரு சுவரையும் தாண்டி, இன்னும் கொஞ்சத் தூரம் போகும். கணக்கு அப்பிடி."

"நானா," என்றேன், "உங்கடை கணக்கை பிலோவுக்குச் சொன்னியளெண்டா நான் உங்கடை வானை எரிப்பன்."

தொட்டில் கட்டினோம். மகள் பிறந்தாள். மாமி தினமும் அந்தக் கட்டிலில்தான் படுத்தார். மாலையில் எங்கள் குசினியிலிருந்து பார்த்தால் அவருடைய திறந்த யன்னல் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் தலையணைகளில் சாய்ந்திருக்கும் தலை ஒரு கறுப்பு உருண்டையாகத் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பது தெரியாது. அது தெரியாததால்தான் நாங்கள் நிமிர்ந்து நடந்தோம். மகள் நடக்கப் பழகிய பிறகு எங்கள் குசினி யன்னலடியில் போய் நின்று கைகாட்டுவாள். மாமியும் காட்டுவார். ஆனால் கைகாட்டுவதற்கு முன், படுத்தபடியே கொஞ்சம் நெளிந்து, மகள் நிற்கும் நேருக்கு நெஞ்சைக் கொண்டுவருவார்.

கையை உயர்த்திக் காது கொடுக்கிற பழக்கம் அதற்குப் பிறகு நின்றுவிட்டது. ஏன் மாமி இப்போது கேட்பதில்லை என்று ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"இப்ப எனக்குக் கேக்கத் தேவையில்லைத்தானே," என்றார்.

மாமியின் சாவு அமைதியான சாவு. காலையில் இடியப்பம் கொண்டுபோன பிலோதான் கண்டாள். இருதயம் என்றார் டொக்டர். உடுத்த வெள்ளைச் சேலையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பிரேதத்தைக் குளிப்பாட்ட வந்தவர்கள், செபம் சொல்ல வந்தவர்கள், ஸ்டோர் மாஸ்டரின் தங்க குணத்தைச் சொல்லி அழ வந்தவர்கள், அத்தனை பேரும் அறையின் இரண்டு பக்கச் சுவரோடும் ஒட்டி நின்றார்கள். நடுவில் மாமியும் துவக்கும் மட்டும்.

அடக்கம் முடிந்ததும் துவக்கைப் பொலிசில் கொடுக்க வேண்டும். உரித்துக்காரர் இல்லை. ஊர் என்னைப் பார்த்தது. நான் நானாவைப் பார்த்தேன். வாய் பின்பக்கக் கதவால் வெளியே பார்க்கும்படி வானில் கிடத்தி, நான் அடிக்கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார, நானா ஓட்டினார். பின்னால் ரொட்டி விற்கிற ஒரு பாண்காரர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். நாங்கள் வேகத்தைக் கூட்ட, அவரும் கூட்டினார். பாண் வாங்கத்தான் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். "திருப்பு நானா, ஒழுங்கைக்குள்ளை திருப்பு!" என்று நான் கத்திய கத்தலில் பாண்காரர் பயந்து வேலியில் சாய்ந்தார். அந்தப் பாண்காரர் இன்றுவரை என் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

பொலிஸ் ஸ்டேசனில் ஒரு சிங்களச் சார்ஜன். வயதானவர், தமிழ் நன்றாகப் பேசுவார்; 'ஐயா' என்பதை மட்டும் 'மாத்தயா' என்பார். நாங்கள் கதையைச் சொல்லி முடிக்குமுன்பே துவக்கைப் பின்வளவுக்குக் கொண்டுபோய், மண்மூட்டைகளைப் பார்க்கப் பிடித்து, போல்ட்டைத் தூக்கி இழுத்தார். இத்தனை வருஷமும் நாங்கள் பார்த்தபடியே இருந்த குமிழ், ஒரு சாதாரணக் கதவுத் தாழ்ப்பாள் போலத் திறந்தது. பச்சை பூத்த குண்டு ஒன்று மணலில் விழுந்தது. வெடிக்கவில்லை. நான் மட்டும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

சார்ஜன் அதை எடுத்து, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு தரம் கை தவறிச்சு எண்டுதானே மாத்தயா சொன்னது?"

"ஓம் சார்."

அவர் குண்டை நானாவின் உள்ளங்கையில் வைத்தார். பித்தளையின் நடுவில், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, ஊசி குத்திய இரண்டு பள்ளங்கள்.

"ரெண்டு தரம்," என்றார் சார்ஜன். "முதல் தரம் அடிச்சு, வெடிக்க இல்ல. பிறகு போல்ட்டைத் தூக்கி, பாதி இழுத்து, திரும்பப் பூட்டி, திரும்ப அடிச்சிருக்கு. அதாலதான் குண்டு கொஞ்சம் திரும்பி, ரெண்டாவது அடி பக்கத்தில விழுந்திருக்கு. இது கை தவறி வராது மாத்தயா. நெனச்சுச் செய்யணும்."

துவக்கைப் பற்றி யார் என்ன சொன்னாலும் திருத்துகிற சாலி நானா எதையும் திருத்தாமல் குண்டைத் திருப்பிக் கொடுத்தார். வானில் ஏறிய பிறகும் சாவியைப் போடாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாம் தரம் பூட்டேக்கை," என்றார், "அவ அந்தத் தேத்தண்ணியைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நிண்டிருப்பா, என்ன?"

திறக்க வேண்டாம் என்று பிலோவின் கைகளைப் பிடித்த கைகள் கண்ணுக்குள் வந்தன. பொலிஸ் என்றதும் வந்த அந்தப் பயம். தங்கமான மனுசன் என்று ஊர் சொல்லும்போதெல்லாம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்த அந்த முகம். திறக்க விடுவதற்குப் பதில், ஒரு கை தூரத்தில், நெஞ்சைக் கொடுத்துப் படுத்திருந்திருக்கிறார். அவருடைய அந்தத் தங்கமான பேருக்காக; எங்கள் வீட்டுக்காகவும்தான். எது எவ்வளவு என்று இப்போதும் எனக்குப் பிரிக்கத் தெரியாது.

வீட்டு வாசலில் இறங்கும்போது நானா, "தம்பி, நாங்கள் ஒண்டும் காணேல்லை," என்றார். "ஓம்," என்றேன்.

பிலோ கிணற்றடியில் மகளைக் குளிப்பாட்டித் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"திறந்தவங்களோ?"

"திறந்தவங்கள்."

"என்ன இருந்தது?"

"மாமி சொன்னதுதான். ஒரு பழைய குண்டு," என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இருந்தது. "ஒருக்காத்தான் அடிபட்டிருக்கு."

துவட்டிய கை நின்றது. பிலோ நிமிர்ந்து, என்னை அல்ல, மாமியின் திறந்திருந்த யன்னலைப் பார்த்தாள்.

"எத்தினை தரம் எண்டு நான் கேக்கேல்லையே," என்றாள்.